எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்

முப்பிடாதியம்மாளின் கைகள் மாத்திரையைப் பொடித்துக்கொண்டிருந்தன. சின்னக் கல்வத்தில் மாத்திரையைப் போட்டு, குழவியால் இரண்டு அழுத்து, ஒரு சுற்று. அதிகம் அரைத்தால் பொடி கல்வத்தின் ஓரத்தில் அப்பிக்கொள்ளும். குறைவாக அரைத்தால் கட்டி கரைய நேரமாகும்; அதற்குள் வாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள ஆள் உண்டு. பதமாகப் பொடித்துக் காகிதத்தில் சரித்து ஜன்னல் வழியாக நீட்டுவாள். அந்தப் பக்கம் நிற்பவர் நாக்கைத் தூக்க வேண்டும். நாக்கின் அடியில் பொடி விழும். பிறகு பெஞ்சில் பத்து நிமிடம், வாய் திறக்காமல். பத்து நிமிடம் கழித்து மறுபடி நாக்கைத் தூக்கிக் காட்டினால், கார்டில் அன்றைய கட்டத்தில் அவள் கையெழுத்து.

பிரவுன் சுகர் பழக்கத்தில் விழுந்தவர்களுக்கு அந்த ஏக்கம் எழாமல் காக்கிற மருந்து அது. சயான் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, ஒரு அறக்கட்டளை நடத்தும் சிறிய மையம். காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் திறக்கும், ஒரு மணிக்கு மூடும். ஞாயிறும் உண்டு, தீபாவளியும் உண்டு.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்குள் நாற்பத்தொரு பேர் வந்துபோய்விட்டார்கள். கை வேலையைச் செய்ததே தவிர, கண் கார்டுப் பெட்டியில் ஒரே இடத்துக்குத்தான் போய்ப்போய் வந்தது. இசக்கிதுரையின் கார்டு. புதன் கட்டம் காலி. வியாழன் கட்டம் காலி. போன் அடித்தால் அணைத்து வைத்திருப்பதாகச் சொல்கிறது.

இசக்கிதுரைக்கு இருபத்தொன்பது வயது. தாராவியில் பெல்ட்டுக்குப் பக்கிள் அடிக்கும் பட்டறையில் வேலை. பழக்கம் ஆறு வருடத்தது. போன வருடம் ஒரு பொட்டலத்தோடு அவனைப் பிடித்துக் காவல்நிலையத்தில் கொண்டுபோய் விட்டவர் அவனுடைய அப்பா வானமாமலையேதான். அடித்துப் பார்த்தார், கட்டிவைத்துப் பார்த்தார், கடைசியில் அதையும் செய்தார். இவன் விற்கிறவன் இல்லை, இழுக்கிறவன் என்று கண்டுகொண்ட நீதிபதி, சிறைக்கு அனுப்பாமல் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு ஒரு வருடச் சிகிச்சைக்கு அனுப்பினார். தினமும் வர வேண்டும். வருகிறானா என்று மையம் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் தவறினால் மையமே பேசிச் சரிசெய்யும். தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் கோர்ட்டுக்குக் கடிதம் போகும். அதன் பிறகு சிறைதான். எட்டு மாதத்தை அவன் ஒரு நாளும் விடாமல் ஓட்டியிருந்தான். இன்று ஒரு மணிக்கு ஜன்னலை மூடும்போது வெள்ளிக்கிழமைக் கட்டமும் காலியாக இருந்தால் மூன்று.

முப்பிடாதியம்மாளுக்கு உட்காரத் தெரியாது. ஜன்னலுக்குப் பின்னால் அவளுக்கென்று போட்ட நாற்காலியில் பதினோரு வருடமாக அவளுடைய பைதான் உட்கார்ந்திருக்கிறது. ஐம்பத்திரண்டு வயது. பிறந்தது தாராவியில், பெற்றவர்கள் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பதினெட்டில் கல்யாணம். கணவர் டிராம்பேயில் ஒப்பந்தக் கூலி. முப்பது முடிவதற்குள் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப் படுத்துவிட்டார். நாலு வருடம் திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து, அளந்து தண்ணீர் கொடுத்தாள். அவர் போனபோது அவளுக்கு ஒரு தொழில் தெரிந்திருந்தது. செம்பூரில் ஒரு வருடம் நோயாளி பராமரிப்பு படித்தாள்.

முதல் வேலை மாட்டுங்காவில், ஒரு பாலக்காட்டுக் குடும்பத்தின் மூன்றாம் மாடி வீட்டில். விசாலாக்ஷி மாமிக்கு எலும்பில் புற்று. வலிக்கான மார்ஃபின் மாத்திரை எவர்சில்வர் டப்பாவில், சுவாமி அலமாரிக்குப் பக்கத்துத் தட்டில் இருக்கும். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் மருமகள் வந்தனா மாத்திரையைக் கொடுத்து, பின்னாலேயே ஒரு ஸ்பூன் தயிர்சாதம் ஊட்டுவாள். அதைப் போதை என்று அந்த வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை. மாமி வலியில்லாமல் தினமும் பேப்பர் படித்துவிட்டுப் போய்ச்சேர்ந்தாள். அதே மாதத்தில், மார்ஃபின் எடுக்கிற அதே கசகசாச் செடியின் சரக்குக்காக முப்பிடாதியம்மாளின் சந்தில் இரண்டு பேரை விலங்கு மாட்டி இழுத்துப் போனார்கள். அவள் அதைப் பெரிய தத்துவமாக எடுத்துக்கொள்ளவில்லை. எதைக் கொடுக்கிறோம் என்பதைவிட யார், எவ்வளவு, எந்த நேரத்தில் கொடுக்கிறார் என்பதுதான் விஷயம் என்று மனத்தில் குறித்து வைத்துக்கொண்டாள். நாற்பது வயதில் துணை நர்ஸ் படிப்பையும் முடித்து இந்த ஜன்னலுக்கு வந்தாள்.

பத்தே முக்காலுக்கு ஜன்னலில் ஒரு முகம். இசக்கிதுரையின் மனைவி மாலதி. தலை நிறையக் கனகாம்பரம், கையில் மஞ்சள் நோட்டீஸ்.

“எக்கா, வாற செவ்வாக்கெழம நம்ம கோயில் கொடை. மாமா உங்களுக்குக் கட்டாயம் குடுத்துட்டு வரச் சொன்னாவ.”

“கொடை இருக்கட்டும். உம் புருஷன் எங்கட்டி?”

“அவிய கோயில்லதான் இருக்காவ. போன செவ்வாக்கெழம காப்புக் கட்டியாச்சுல்லா.”

“காப்புக் கட்டுனா கால் நடக்காதோ?”

“எல்லை தாண்டக் கூடாதுல்லாக்கா. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் வரக் கூடாதுன்னு மாமா சொல்லிட்டாவ. போதை எதையும் தொடக் கூடாது. அந்தப் பொடியும் போதைதான, காப்புக் கட்டுன கையோட அதத் தொடலாமான்னு கேட்டாவ. எனக்கும் சரிதானன்னு பட்டுச்சு.” மாலதி ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டிக் குரலைத் தாழ்த்தினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. “இன்னொண்ணு கேளுங்க. அவியளுக்குச் சாமி வந்துட்டு.”

“எப்பம்?”

“நேத்து மத்தியானத்துலருந்து. கொட்டாவியா விடுதாவக்கா, ஒண்ணு மாத்தி ஒண்ணு. மேலெல்லாம் புல்லரிச்சுக் கெடக்கு. கண்ணுலயும் மூக்குலயும் தண்ணியா ஊத்துது. ஒடம்பு கெடந்து நடுங்குது. தாத்தாவுக்கு மாடசாமி வரும்போது இப்பிடித்தான் மொதல்ல கொட்டாவி வருமாம். மாமாவுக்கு வரல, பேரனுக்கு வந்துட்டுன்னு ஊரே சொல்லுது.”

குழவி நின்றது.

மையத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மருந்தை விட்டவனுக்கு உடம்பில் என்னென்ன தெரியும் என்று டாக்டர்களுக்காக அச்சடித்தது: கொட்டாவி, மயிர்க்கூச்செறிதல், கண்ணில் நீர், மூக்கில் நீர், நடுக்கம். மாலதி அதைப் பார்த்து வாசித்தது போலிருந்தது. பார்க்கவும் இல்லை, வாசிக்கவும் அவளுக்குத் தெரியாது. முப்பிடாதியம்மாளுக்கு இரண்டு பக்கமும் தெரியும். சின்ன வயதில் கோயில் கொடைத் திருவிழாக்களில், வேட்டியை வரிந்து கட்டிய ஆள் ஒருவர் மேளத்துக்கு முன்னால் வாய் பிளந்து கொட்டாவி விட ஆரம்பித்ததும், அம்மா அவள் முதுகில் தட்டி, கும்பிடு என்பாள். அவளும் கும்பிட்டிருக்கிறாள். திருநெல்வேலிக்காரர்களுக்குக் கொட்டாவி என்றால் முதலில் சாமிதான் நினைவுக்கு வரும். வேறு எந்த ஊர்க்காரனாவது இருந்தால் இதற்குள் இவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான்.

டாக்டர் நகுலின் அறைக் கதவைத் தட்டாமலேயே திறந்தாள். சொன்னதைக் கேட்டு அவர் பேனாவை மூடினார்.

“மாவ்ஷி, மருந்து ஜன்னலைத் தாண்டி வெளியே போகாது. உங்களுக்கே தெரியும்,” என்றார் இந்தியில். மாவ்ஷி என்றால் மராட்டியில் சித்தி. “ஒரு மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் அவன் வாசலில் நின்றால் வந்தான் என்று எழுதுவேன். அதற்குப் பிறகு வந்தால் மருந்து கொடுப்பேன், ஆனால் கடிதமும் போகும். நான் எழுதுவதை நம்பித்தான் ஜட்ஜ் ஆட்களை இங்கே அனுப்புகிறார். ஒருத்தனுக்காகப் பொய் எழுதினால் அடுத்த பத்துப் பேரை நேரே உள்ளே அனுப்பிவிடுவார்.”

அதில் மறுத்துப் பேச ஒன்றும் இல்லை. கூட வேலைபார்க்கும் அக்தர் பானுவின் கையில் குழவியைக் கொடுத்துவிட்டு, மாலதியை முன்னே விட்டு முப்பிடாதியம்மாள் கிளம்பினாள். மணி பதினொன்று ஐந்து.

சயான் நிலையத்தின் நடைபாலத்தில் எதிரே வந்த கூட்டம் அவளைப் பின்னுக்குத் தள்ளியது. மே மாத வெயில். தொண்ணூறடி ரோட்டில் தண்ணீர் லாரி ஒன்று குறுக்கே நின்று, ஆட்டோக்கள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தன. “நடட்டி, நடட்டி,” என்று மாலதியை விரட்டினாள். அவள் பூ உதிர உதிர ஓடினாள். “சாமி வந்தா நல்லதுதானக்கா? ஏன் இம்புட்டு அவசரம்?” என்று மட்டும் ஒருதரம் திரும்பிக் கேட்டாள். முப்பிடாதியம்மாள் மூச்சை நடைக்கு வைத்துக்கொண்டாள்.

கோயில், பிளாஸ்டிக் அரைக்கும் கொட்டகைக்கும் தையல் கடைக்கும் நடுவில். உள்ளே இசக்கியம்மன், வெளியே இடப்பக்கம் சுடலைமாடனுக்குச் சுண்ணாம்பு அடித்த பீடம். பந்தல் போட்டிருந்தார்கள். மேளக்காரர் ஒருவர் வாரைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் தெரிய ஏழெட்டு ஆண்கள் வெறுங்காலோடு நின்றார்கள். பீடத்துக்கு முன்னால் இசக்கிதுரை. மஞ்சள் வேட்டி, மார்பு நிறையத் திருநீறு. முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கினான். வாய் பிளந்து ஒரு கொட்டாவி விட்டான். சுற்றி நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவனுக்குப் பக்கத்தில் வானமாமலை, ஒரு கையால் வேப்பிலை வீசிக்கொண்டிருந்தவர், கொட்டாவியைக் கண்டதும் இலையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். தெருவே கேட்க மகனைக் ‘கர்துல்லா, கர்துல்லா’ என்று ஏசிய மனிதர். பிரவுன் சுகர் இழுக்கிறவனுக்குப் பம்பாய்ச் சந்துகளில் அதுதான் பெயர்.

“வாங்க தாயி. நோட்டீஸ் கெடச்சுதா?”

“கெடச்சுது அண்ணாச்சி. உங்க மகன் மூணு நாளா மருந்துக்கு வரல.”

“இனிமே அவனுக்கு மருந்து எதுக்கு? மாடனே எறங்கிட்டான்.”

“ஒரு மணிக்குள்ள வரலன்னா கோர்ட்டுக்கு லெட்டர் போயிரும்.”

“போவட்டும். எந்த ஜட்ஜு சாமியப் புடிச்சு ஜெயில்ல போடுதான்னு பாப்பம்.”

நாலு பேர் சிரித்தார்கள். “லாக்கப்புல வச்சு ஆடுனா போலீசுக்காரனும் சேந்து ஆடுவான் மாமா,” என்றான் ஒருவன். இன்னும் பலத்த சிரிப்பு.

மணி பதினொன்று நாற்பது. கத்திப் புண்ணியம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இத்தனை சந்தோஷமாக இருக்கும் ஒரு கூட்டத்தோடு யாரும் வாதாடி ஜெயித்ததில்லை. செருப்பைக் கழற்றினாள். குழாயில் காலைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள்.

“அப்பம் சரி. எனக்கு ஒரு குறி கேக்கணும்.”

சிரிப்பு அடங்கியது. சாமி வந்தவனிடம் குறி கேட்க வருகிறவளை யாரும் தடுக்க முடியாது. பூசாரி கோமதிநாயகம் கையை வீசினார். “தள்ளுங்கல. குறி கேக்க வந்தவ காதுக்கு மட்டுந்தான் சொல்லு விழணும். தள்ளுங்க, தள்ளுங்க.”

அவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, கும்பிடுவது போல அவன் கையைப் பிடித்தாள். நாடி குதித்தது. கண்ணின் பாவை விரிந்து கிடந்தது.

“எக்கா, நீங்க எதுக்கு வந்தீய?” உதடு மட்டும் அசைந்தது.

“குறி சொல்லு. இது என்னது?”

“தெரியலக்கா.”

“உனக்கா தெரியாது? ரெண்டு வருஷத்துக்கு முன்ன வீட்டுல கட்டிப்போட்டப்பமும் இப்பிடித்தான வந்துச்சு. அன்னைக்கு எந்தச் சாமி?”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் கொட்டாவியாகிப் பந்தலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. “டர்க்கிதான்,” என்றான். மருந்தோ சரக்கோ கிடைக்காமல் உடம்பு முறுக்குவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் அது. “நேத்தே தெரிஞ்சுபோச்சு.”

“பொறவு ஏம்ல சொல்லல?”

“அங்க பாருங்க.”

தள்ளி நின்ற வானமாமலை இன்னும் கையை இறக்கவில்லை.

“இருவத்தொம்பது வருஷத்துல எங்கப்பா என்ன அடிக்கதுக்குத்தான் கையத் தூக்கிருக்காரு. நேத்து கும்புட்டாரு. காலத் தொட்டாரு எக்கா. நான் அத எப்பிடி வேண்டாம்னு சொல்லுவேன்?”

முப்பிடாதியம்மாள் அந்தக் கூப்பிய கைகளைப் பார்த்தாள். இந்த மருந்தைவிடப் பலமான ஒன்றை அவன் நேற்றிலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறான், அதற்கு அவளுடைய கல்வத்தில் சரக்கு இல்லை.

“கேளு,” என்றாள். “பத்து நாள், மிஞ்சிப்போனா பதினஞ்சு நாள்ல இந்தச் சாமி மலையேறிரும். அடுத்த வருஷம் கொடைக்கு என்ன செய்வ? மறுபடி மருந்த விட்டுட்டு வந்து உக்காருவியா? அதுக்கு அடுத்த வருஷம்? அதுவும் நீ வெளிய இருந்தாத்தான். நாளைக்கு ராத்திரி இந்த நோவு தாங்காம பழைய சந்துக்குப் போவ. எட்டு மாசம் கழிச்சுப் பழைய அளவ இழுத்தா எந்திரிக்க மாட்ட. உங்கப்பா அப்பமும் கும்பிடுவாரு, படத்துக்கு.”

அவன் கண்ணிலிருந்து நீர் கொட்டியது. அது எந்த நீர் என்று அவள் ஆராயவில்லை. காதருகே குனிந்தாள்.

“ஒண்ணு செய்யி. ‘எனக்கு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போவணும்’னு சாமியா நின்னு சொல்லு. மேளத்தோட கொண்டாந்து விடுவாவ. அஞ்சு நிமிஷத்துல காரியம் முடிஞ்சுபோவும்.”

“அது பொய்யில்லாக்கா?” அவன் மணிக்கட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். “இவ்வளவு நேரம் சும்மா இருந்தேன், அவங்களாச் சொன்னாவ. நானா வாயத் தொறந்து சொன்னா பொய்யாயிரும். காப்புக் கட்டிருக்கேன்.”

அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. மணி பன்னிரண்டைத் தொட்டுவிட்டது, இவன் சத்தியம் பேசுகிறான்.

இசக்கிதுரை பீடத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பெண்கள் குலவை போட்டார்கள். மேளம் ஒரு உருட்டு உருட்டியது. அவன் கையைத் தூக்கினான்.

“எப்பா. இது சாமி இல்ல. மருந்த விட்ட நடுக்கம்.”

மேளம் ஓர் அடி கூடுதலாக அடித்து ஓய்ந்தது. யாரோ, “மாடன் வெளையாடுதான், சோதிச்சுப் பாக்கான்,” என்றார்கள். “இல்ல சித்தப்பா, வெளையாடல,” என்றான் அவன். “தாத்தாவுக்கு வந்தது எனக்கு வரல. நான் போயி மருந்து வாங்கிட்டு வாரேன்.”

வானமாமலையின் கைகள் ஒன்றையொன்று விட்டு மெல்லப் பிரிந்தன. அவற்றை என்ன செய்வது என்று தெரியாதவர் போல வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“போ,” என்றார். “எல்லை தாண்டுதவனுக்குக் காப்பு எதுக்கு? அத்துப் போட்டுட்டுப் போ. பொறவு இந்தப் பந்தலுக்குள்ள வராத.”

இசக்கிதுரை நகரவில்லை. கயிற்றை அறுக்கவும் இல்லை. நடுக்கத்தில் பல் அடித்துக்கொள்ள, நின்ற இடத்திலேயே நின்றான். மணி பன்னிரண்டு பத்து.

முப்பிடாதியம்மாள் பூசாரியின் பக்கம் திரும்பினாள்.

“பூசாரி அண்ணாச்சி, உங்க கையிலயும் காப்பு இருக்கு. நேத்து பகல்ல எங்க இருந்தீய?”

“ட்யூட்டியில.” கோமதிநாயகம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் இயக்குகிறவர்.

“எங்க?”

“செம்பூர்ல.”

“செம்பூரு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்?”

பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டான். பூசாரி கோபப்படவில்லை. “வேலைக்குப் போறவனுக்கு எல்லை கெடையாது தாயி. வெளக்கு வைக்கதுக்குள்ள திரும்பிரணும். எங்கப்பா காலத்துலயே பேசி முடிச்ச விஷயம். இல்லன்னா பம்பாயில காப்புக் கட்ட ஆளே கெடைக்காது. அந்தா நிக்கான் பேச்சிராஜா, தெனமும் கோபர்கைரனே போயிட்டு வாரான்.”

“அப்பம் இவனுக்கும் வேலைதான். ஜட்ஜு போட்ட ட்யூட்டி. ஒரு வருஷம், தெனமும் என் ஜன்னலுக்கு வரணும். லீவு கெடையாது, சம்பளமும் கெடையாது.”

பூசாரி தாடையைச் சொறிந்தார். “எல்லை சரி. அந்தப் பொடி? போட்டா கெறங்குமா?”

“எட்டு மாசமா காலையில அதப் போட்டுட்டுத்தான் போயி மெஷின்ல பக்கிள் அடிக்கான். விரல் பத்தும் இருக்கு. எண்ணிப் பாத்துக்கோங்க.”

பேச்சிராஜா நிஜமாகவே எட்டிப் பார்த்தான். கோமதிநாயகம் அம்மன் பக்கம் ஒருதரம் பார்த்தார். வானமாமலையைப் பார்க்கவில்லை.

“வெளக்கு வைக்கதுக்குள்ள வந்துரணும்ல,” என்றார் இசக்கிதுரையிடம். “ஓடு.”

ஓடத்தான் முடியவில்லை. தொடை நரம்பு இழுத்து, இருபதடிக்கு ஒருதரம் சுவரைப் பிடித்து நின்றான். மாலதி ஒரு பக்கம், முப்பிடாதியம்மாள் ஒரு பக்கம். தண்ணீர் லாரி இன்னும் அங்கேயே இருந்தது. ஆட்டோக்காரன் ஒருவன் இவன் கோலத்தைப் பார்த்துக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். பன்னிரண்டு முப்பத்தைந்து. நடைபாலத்தின் படியில் வாந்தி எடுத்தான். “துடைச்சுக்கோ, ஏறு,” என்றாள். பாலத்தின் நடுவில், கீழே ரயில் போகும்போது, அவன் திரும்பிப் பார்த்தான். அவளும் பார்த்தாள். இருபது படிக்குப் பின்னால் வானமாமலை வந்துகொண்டிருந்தார். வெறுங்கால். கம்பியைப் பிடிக்காமல், யாரோடும் சேராதவர் போல.

மையத்தின் வாசலை அவன் தொட்டபோது பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. டாக்டர் நகுல் நாடி பார்த்து, கண்ணைப் பார்த்து, அளவைக் குறைத்து எழுதிக் கொடுத்தார். முப்பிடாதியம்மாள் கையைக் கழுவிக்கொண்டு குழவியை வாங்கினாள். இரண்டு அழுத்து, ஒரு சுற்று. நாக்கைத் தூக்கினான். பெஞ்சில் உட்கார்ந்தான்.

அந்தப் பத்து நிமிடமும் வானமாமலை வெளியே வாசற்கம்பியின் ஒரு கை அகல நிழலில் நின்றார். அவள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடிக்கவில்லை. காலில் ஊற்றிக்கொண்டார்.

“எங்கப்பாவுக்கும் இப்பிடித்தான் மொதல்ல கொட்டாவி வரும்,” என்றார், எங்கேயோ பார்த்தபடி. “மேலெல்லாம் புல்லரிக்கும். நடுங்குவாரு. நான் சின்னப் பயலா பக்கத்துல நின்னு கும்புட்டுருக்கேன்.” செம்பைத் திருப்பிக் கொடுத்து, “அப்பம் அதுவும்...” என்று நிறுத்தினார்.

“அது எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நான் அவரப் பாக்கல. இவனைப் பாத்தேன், இதச் சொன்னேன்.”

“செவ்வாக்கெழம ஊருக்கு நான் என்ன சொல்லட்டும்?”

“அதுவும் எனக்குத் தெரியாது.”

உள்ளே அக்தர் பானு நேரம் முடிந்ததென்று கூப்பிட்டாள். இசக்கிதுரை நாக்கைத் தூக்கிக் காட்டினான். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் முப்பிடாதியம்மாள் கையெழுத்துப் போட்டாள். காலியாக இருந்த இரண்டு கட்டங்களுக்கும் எதிரே காரணம் எழுத ஒரு சிறிய கோடு உண்டு. அதில் ‘கோயில் காப்பு’ என்று எழுதினாள். எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரம்ஜானுக்கு முன்னால் இந்த மையம் எல்லோரையும் கேட்டு, நோன்புக்காரர்களுக்கு மருந்து நேரத்தை மாற்றிக் கொடுத்திருந்தது. காப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மற்றவர்களுக்குத் தெரிய வழியில்லை. அவளுக்குத் தெரியும், அவள் கேட்கவில்லை. இசக்கிதுரையின் வீட்டில் ஆகாததெல்லாம் செய்தார்கள் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அன்று பகல் சாப்பாட்டையும் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் காலை எட்டரைக்கே வந்து ஜன்னலைத் திறந்தாள். வீட்டுச் சுவரிலிருந்த தினசரிக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். அதைக் கார்டுப் பெட்டிக்கு மேலே ஆணியில் மாட்டி, பென்சிலைச் சீவி வைத்தாள். பொடியைக் காகிதத்தில் சரிப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

“உங்க வீட்டுல அடுத்த விரதம், நேர்த்தி, காப்பு எப்போ? சாப்பிடாம இருக்கணும், எங்கயும் போகக் கூடாதுன்னு ஏதாவது உண்டா?”

முதல் ஆள் கரீம் பாட்சா. “ரோஜா நோன்பு முடிஞ்சுபோச்சே மாவ்ஷி, மறுபடியுமா?” என்று பயந்தார். அடுத்தவன் மராட்டிக்காரன், ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரத்துக்கு நடந்து போக வீட்டில் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பின்னால் வந்தவன் தன் பெண்டாட்டிக்குத்தான் விரதம், தனக்கு இல்லை என்றான். “அவ விரதம்னா நீயும் வீட்டுல அடங்கிக் கெடக்கணும்பா. தேதியச் சொல்லு,” என்றாள்.

ஆறாவதாக இசக்கிதுரை நின்றான். சவரம் செய்திருந்தான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு அப்படியே இருந்தது. கொட்டாவி ஒன்று வந்தது, சின்னது.

“அப்பா?”

“தண்டவாளம் வரைக்கும் கூட வந்தாரு. பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்காரு.”

“பேசினாரா?”

“இல்ல. கும்பிடவும் இல்ல, ஏசவும் இல்ல.”

அவள் காலண்டரில் செவ்வாய்க்கிழமைத் தாளைப் புரட்டிப் பிடித்தாள். “கொடை அன்னைக்கு எத்தனை மணிக்கு நீ பந்தல்ல இருக்கணும்?”

“எட்டு மணிக்குத் தீர்த்தம் எடுக்கப் போவணும்.”

“அப்பம் ஏழு மணிக்கு வா. நான் இருப்பேன். டாக்டர்ட்ட சொல்லிக்கிடுதேன்.” ‘ஏழு’ என்று பென்சிலால் எழுதி அடியில் ஒரு கோடு இழுத்தாள்.

இரண்டு அழுத்து, ஒரு சுற்று. அவன் நாக்கைத் தூக்கினான். பொடியைச் சரித்து, பெஞ்சைக் கையால் காட்டிவிட்டு, அவள் அடுத்த மாத்திரையைக் கல்வத்தில் போட்டாள்.